திருமணியில் ஒரு மருத்துவர்: டாக்டர் ராபர்ட் காக்ரேன்



கோவளத்தில் அடங்கியிருக்கும் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவில் ஜியாரத் செய்துவிட்டு, கடலோரச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று, பிள்ளைகளுக்குக் கற்கோயில்களைக் காட்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து ரயில் ஏறியவர்கள் உங்களுள் பலர் இருக்கக்கூடும். அந்தச் செங்கல்பட்டு நகரை அடுத்துத் திருமணி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டோர் ஒரு காலத்தில் ஏராளம். காரணம், அங்கிருந்தது தொழுநோய் மருத்துவமனை. ஒரு வீட்டில் ஒருவருக்கு அந்நோய் என்று தெரிந்தால் அவருடைய வாழ்வு முடிந்தது. அவர் வீட்டுப் பெண்மக்களின் நிக்காஹ் நின்றது. பிள்ளையின் தேமலை நீண்ட கைச் சட்டையால் மறைத்து வைத்த தாய்மார் எத்தனை பேரோ!

அந்தத் திருமணியில் வாழ்ந்து, உலகெங்கும் அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் முறையையே மாற்றிய ஒருவரின் வரலாற்றை இந்த வெள்ளியன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். கிறிஸ்தவ மிஷன் மருத்துவர். ஆயினும் நம் மாவட்டத்து மண்ணில், நம் மக்களின் கைகளைத் தொட்டுப் பார்த்துப் பணியாற்றியவர். ஈஸா நபி (அலை) அவர்கள் இறைவனின் அனுமதியால் தொழுநோயாளரைக் குணப்படுத்தியதைத் திருக்குர்ஆனில் ஓதுகின்றவர்கள் நாம். உமய்யா கலீபா முதலாம் வலீத், திமிஷ்கில் தொழுநோயாளருக்கு உதவித்தொகை வழங்கி, அவர்கள் பிச்சை எடுக்காதபடி செய்ததை வரலாற்றாசிரியர் தபரீ எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இந்த வரலாறு நமக்கு அந்நியமானது அன்று.

ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் 1899ஆம் ஆண்டு சீன நாட்டில் பிறந்தார். தந்தை தாமஸ் காக்ரேன் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மிஷன் மருத்துவர். குழந்தை பிறந்த மறு ஆண்டே சீனாவில் பாக்ஸர் கலகம் மூண்டது. வெளிநாட்டவர் பலர் கொல்லப்பட்ட அந்நாட்களில் அக்குடும்பம் உயிர் தப்பியது. அதன் பின்னரும் தந்தை அந்நாட்டை வெறுத்துவிடவில்லை. பீக்கிங்கில் 1906இல் தொடங்கப்பெற்ற யூனியன் மருத்துவக் கல்லூரி அவருடைய முயற்சியின் பயனாகும். இத்தகைய வீட்டில் வளர்ந்த மகன் கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்று 1924இல் பட்டம் பெற்றதும் இந்தியாவுக்குப் புறப்பட்டதில் வியப்பில்லை.

கல்கத்தாவின் வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் அப்போது டாக்டர் எர்னஸ்ட் மியூர் தொழுநோய் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவரிடம் காக்ரேன் பாடம் கேட்டார். புரூலியாவிலுள்ள பெரிய தொழுநோய் இல்லத்தில் பணி செய்தார். பின்னர் சில ஆண்டுகள் இலண்டனில் பிரிட்டிஷ் பேரரசுத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் மருத்துவச் செயலாளராக இருந்து பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். 1931இல் மணிலாவில் உலகத் தொழுநோய் நிபுணர்கள் கூடிச் சர்வதேசச் சங்கம் ஒன்றை அமைத்தபோது அவரும் அங்கிருந்தார். அலுவலக நாற்காலி அவருக்கு ஒத்துவந்திருக்காது என்றே தோன்றுகிறது. 1930களின் நடுவில் திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றுச் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். பாலாற்றங்கரை நெல் வயல்கள் தொடங்கி மாமல்லபுரம் கடலோரத்து மீனவர் குப்பங்கள் வரை, இந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட நிலப்பரப்பு அது. கையில் இருந்த மருந்தோ ஒன்றே ஒன்று: நீரடிமுத்து விதையிலிருந்து எடுத்த எண்ணெய். நம் நாட்டு வைத்தியர்கள் பண்டைக்காலம் தொட்டு அறிந்திருந்த அந்த எண்ணெயை ஆங்கில மருத்துவர்கள் ஊசி வழியாகத் தோலுக்குள் செலுத்தினார்கள். கடும் வலி, வாரந்தோறும் ஊசி, ஆண்டுக்கணக்கில் சிகிச்சை. நோய் தணிந்தவர் சிலர்; தணியாதவரே பலர். இருந்தும் மக்கள் வந்து வரிசையில் நின்றார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

நேயர்களே, இந்நோயைக் கண்டறிவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காக்ரேனின் பெருமையில் பாதி அதில்தான் இருக்கிறது. தொழுநோயைத் தோற்றுவிக்கும் கிருமியை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அக்கிருமியைச் சோதனைக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்க அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. எனவே மருத்துவர் தம் கண்ணையும் விரலையுமே நம்ப வேண்டும். தோலில் வெளிறிய தேமல் இருக்கிறதா? கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அதைத் தொட்டால் தொட்ட இடத்தை நோயாளி விரல் வைத்துக் காட்டுகிறாரா? முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா? காதுமடலில் சிறு கீறல் இட்டு எடுத்த திசுநீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சிவந்த கோல் வடிவக் கிருமிகள் தென்படுகின்றனவா? இவ்வளவுதான் சோதனை. ஆயினும் இதில் தவறுவோர் மிகப் பலர்.

ஏன் தவறுகிறார்கள்? இந்நோய்க்கு இரு முகங்கள் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவருக்கு ஓரிரு தேமல்கள் தோன்றும், அங்கு உணர்ச்சி மரத்துப்போகும், நரம்பு கெடும், ஆனால் கிருமிகள் மிகச் சொற்பம். அவரால் பிறருக்கு நோய் பரவுவது அரிது. எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கோ தெளிவான தேமல் இருக்காது. தொடக்கத்தில் உணர்ச்சியும் குறையாது. முகமும் காதுகளும் எண்ணெய் பூசியது போல் மினுமினுக்கும். பார்ப்பவர்கள் அவரை ஆரோக்கியமானவர் என்றே கருதுவார்கள். அவர் உடலிலோ கோடிக்கணக்கான கிருமிகள்! விரல்கள் மழுங்கிக் கடைவீதியில் கையேந்தி அமர்ந்திருக்கும் முதியவரைக் கண்டு ஊரே விலகி ஓடுகிறது. அவருடைய நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே அவிந்துபோயிருக்கலாம். அதே வீதியில் மினுமினுக்கும் முகத்தோடு கல்லாவில் அமர்ந்திருப்பவரிடம் பண்டம் வாங்கிச் செல்கிறோம். ஊர் யாருக்கு அஞ்சியதோ அவரால் ஆபத்தில்லை. யாருக்கு அஞ்சவில்லையோ அவருக்கே உடனடி சிகிச்சை தேவைப்பட்டது. இந்த வேறுபாட்டை மருத்துவ மாணவர்களுக்கு ஓயாமல் போதித்தவர்களில் முன்னணியில் நின்றவர் காக்ரேன். உருக்குலைவை நோயென்று கருதாதீர்கள், அது நோய் விட்டுச் சென்ற தழும்பு என்பதே அவருடைய பாடத்தின் சாரம்.

குழந்தைகள் மீது அவர் தனிக் கவனம் செலுத்தினார். சென்னை சைதாப்பேட்டையில் வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டு, தொழுநோயாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கு ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டார்கள். கிருமி மிகுந்த ஒருவரோடு ஒரே குடிசையில் வாழும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம் என்பதும், பிள்ளைகளுக்குத் தோன்றும் சிறு தேமல்களுள் பல தாமாகவே மறைந்துவிடுகின்றன என்பதும் இத்தகைய ஆய்வுகளால் விளங்கின. எத்தனை வீடுகளில் அழுகையை நிறுத்தியிருக்கும் செய்தி இது!

மருந்து போதாத அக்காலத்தில் நோய் பரவுவதைத் தடுக்க அவர் ஒரு வழி கண்டார். குடியானவனை நிலத்தை விட்டுப் பிரித்து ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்து வைத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகையால் பகலில் அவன் தன் வயலில் உழைக்கட்டும். இரவில் மட்டும் ஊரின் ஓரத்துக் கொட்டகையில் படுக்கட்டும். நெருக்கமான குடிசையில் பிள்ளைகளின் அருகே உறங்க வேண்டாம் என்றார். செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இந்த இரவு ஒதுக்க முறை நடந்தது. இன்று நோக்கும்போது இது கடுமையாகத் தோன்றலாம். பிள்ளையை மடியில் கிடத்தித் தூங்கவைக்க விரும்பும் தகப்பனுக்கு அது எளிதாகவா இருந்திருக்கும்? ஆயினும் தொழுநோயுள்ள வறியவரை வாரண்டின்றிக் கைது செய்ய 1898ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்த காலத்தில், ஒருவரை அவருடைய ஊரிலேயே, அவருடைய தொழிலிலேயே இருக்கவிட வேண்டும் என்று எண்ணிய மருத்துவர் எத்தனை பேர்?

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1941இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் கை ஃபாகெட் என்பவர் ப்ரோமின் என்னும் சல்ஃபோன் வகை மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தி, நோயாளிகளின் புண்கள் ஆறுவதைக் கண்டார். உலகமே வியந்தது. ஆனால் அம்மருந்து விலை மிக்கது. அன்றாடம் ஊசி போடுவதற்குச் செவிலியர் வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகள் திண்ணையிலும் மரத்தடியிலும் காத்திருக்கும் செங்கல்பட்டுக்கு அது எட்டாக் கனி.

ப்ரோமினுக்குத் தாய்ப்பொருளான ஓர் எளிய இரசாயனம் இருந்தது. ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1908இலேயே அதை ஆக்கியிருந்தார்கள். அதுதான் பின்னர் டாப்சோன் என்று பெயர் பெற்றது. மிக மலிவானது, ஆனால் நஞ்சு மிகுந்தது என்று மருத்துவ உலகம் அதை ஒதுக்கி வைத்திருந்தது. இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், உடலை நீலம் பூக்கச் செய்யும் என்ற அச்சம். ஆனால் பசுக்களுக்கு வரும் மடிநோய்க்கு அப்பொருள் பயன்பட்டது என்னும் செய்தி காக்ரேனுக்குத் தெரியவந்தது. கால்நடைக்கு அளந்து கொடுத்துப் பயன் கண்ட பொருளை மனிதனுக்கும் அளந்து கொடுத்துப் பார்த்தால் என்ன? 1946இல் அவர் அதை எண்ணெயில் கலந்து, தோலுக்கு அடியில் ஊசியாகச் செலுத்தத் தொடங்கினார். தொழுநோயாளருக்கு டாப்சோனைக் கொடுத்துப் பார்த்த முதல் முயற்சி அதுவே. அது நடந்தது நம் தமிழ் மண்ணில்.

இதனைச் சொல்வது எளிது. பிறர் நஞ்சென்று விலக்கியதைத் தம்மை நம்பி வந்த ஏழைகளின் உடலில் செலுத்தும் மருத்துவரின் உள்ளம் எவ்வளவு பதைத்திருக்கும்! அளவு கூடினால் இரத்தம் குறையும். சிலருக்கு நோயின் சீற்றம் கிளம்பி, காய்ச்சலும் கட்டிகளும் நரம்பு வலியும் வந்து சேரும். இரத்தத்தை அடிக்கடி சோதித்து, அளவைக் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொருவரையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் இராமானுஜம் முதலியோர் உடன் உழைத்தார்கள். இரண்டரை ஆண்டு அனுபவத்தை அவர்கள் எல்லோரும் சேர்ந்து 1949இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட பொருளை, அளவறிந்து கொடுத்தால் மனித உடல் தாங்கும், நோயும் அடங்கும் என்பது அதனால் நிலைபெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் நைஜீரியாவில் டாக்டர் ஜான் லோ என்பவர் அதே மருந்தைச் சிறிய அளவில் மாத்திரையாக விழுங்கக் கொடுத்தும் பயன் கண்டார். ஊசியும் தேவையற்றுப் போயிற்று! சில காசு விலையுள்ள மாத்திரை, ஆப்பிரிக்காவின் சிற்றூர்களிலும் நம் சிற்றூர்களிலும் ஒரே சமயத்தில் நுழைந்தது. நீரடிமுத்து எண்ணெய் ஊசிகள் மெல்ல மறைந்தன.

இதற்கிடையில் வேலூரிலும் அவருக்குப் பெரும் பணி காத்திருந்தது. பெண்களுக்கென ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவப் பள்ளி, எம்.பி.பி.எஸ். பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயராவிட்டால் மூடப்பட வேண்டிய நிலை 1940களில் ஏற்பட்டது. முதல்வர் பொறுப்பேற்று, ஆசிரியர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் காக்ரேன். 1947இல் ஆண் மாணவர்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அவர் அவ்வாறு அழைத்து வந்தவர்களுள் ஒருவர் இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

ஒருநாள் பிராண்ட் செங்கல்பட்டுக்கு வந்தார். மருத்துவமனைத் தோட்டத்தில் இருவரும் உலவினார்கள். வழியெங்கும் மடங்கிய விரல்கள், புண்பட்ட பாதங்கள். இவ்வளவு கைகள் முடங்கிக் கிடக்க எலும்பு மருத்துவர்கள் எவரும் ஏன் இவற்றை ஆராயவில்லை என்று பிராண்ட் வினவினார். தாம் தோல் மருத்துவர் என்றும், கைகளைப் பற்றி அறிய வேண்டியவர்கள் பிராண்டைப் போன்றவர்களே என்றும் காக்ரேன் அந்த வினாவைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது ஓர் இளைஞரின் மடங்கிய கையைப் பற்றிய பிராண்ட், தம் கையை இறுக்கச் சொன்னார். அந்த இளைஞர் இறுக்கிய வேகத்தில் மருத்துவருக்கு வலி பொறுக்கவில்லை! செத்துப்போன கை என்று உலகம் எண்ணியிருந்த கையில் இவ்வளவு வலிமையா? அப்படியானால் எல்லாத் தசைகளும் கெடவில்லை. சில நரம்புகள் கெட்டு, அவை இயக்கும் தசைகளே செயலிழந்திருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்து இடம் மாற்றிப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் விரியுமே! வேலூரில் பிராண்ட் உருவாக்கிய கை அறுவை மருத்துவம், தோட்டத்தில் நடந்த அந்தக் கைகுலுக்கலில் பிறந்தது.

காக்ரேன் எல்லோரிடமும் இனிமையாகப் பழகிய சாந்த சொரூபி என்று நாம் சித்திரம் தீட்டப் போவதில்லை. ஒரே சமயத்தில் பல பொறுப்புகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிறரையும் அதே வேகத்தில் விரட்டியவர் அவர் என்றே அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. திருமணி, சைதாப்பேட்டை, வேலூர், சென்னை மாகாணத்துத் தொழுநோய் ஒழிப்புப் பணி என்று ஓயாத ஓட்டம். ஆயினும் நோயிலிருந்து மீண்டவர்களை அவர் தோழர்களாகவே நடத்தினார். எழுத்தாளர் டி.என். ஜகதீசன் அவர்களுள் ஒருவர். இளமையில் அந்நோயின் கொடுமையை அனுபவித்த ஜகதீசன், காக்ரேனின் துணையோடு தொழுநோய்ப் பணியில் இறங்கினார். காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையும் இடம்பெற்றதற்கு அவருடைய முயற்சி காரணமாயிற்று.

1951இல் காக்ரேன் இந்தியாவை விட்டுச் சென்றார். இங்கிலாந்தின் சுகாதார அமைச்சகத்துக்கு ஆலோசகரானார். பெரிய பாடநூல்களை எழுதினார். திருமணியில் அவர் விட்டுச் சென்ற மருத்துவமனையையும், சைதாப்பேட்டைக் குழந்தைகள் நிலையத்தையும் 1955இல் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டில் அதே மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய நாட்டு டாக்டர் ஹெமரிக்ஸ் ஒரு மையத்தைத் தொடங்கி, மரத்தடிகளில் மருத்துவம் பார்த்தார். அவரை அடுத்து அங்கு பணிபுரிந்த டாக்டர் கிளேர் வெல்லுட் அம்மையார் இந்தியக் குடியுரிமையே பெற்றுவிட்டார். டாப்சோன் மாத்திரை இல்லாவிடில் மரத்தடி மருத்துவம் எவ்வாறு நடந்திருக்கும்?

அம்மருந்துக்கும் ஒரு சோதனை வந்தது. தனி மருந்தாக நீண்ட காலம் கொடுத்ததால், அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றியமை 1964இல் மலேசியாவில் உறுதிப்பட்டது. எனவே 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றோடு டாப்சோனையும் சேர்த்துக் கூட்டு மருந்தாகத் தரவேண்டும் என்றது. காக்ரேன் அதையும் கண்டுவிட்டே 1985இல் அமெரிக்காவில் தம் எண்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

சட்டங்கள் மருந்தை விட மெதுவாகவே மாறின. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்குத் தொழுநோய் இருப்பதை மனைவி மணவிலக்குக் கோருவதற்கான காரணமாக 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வைத்திருந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பிற சமயத்தவரின் திருமணச் சட்டங்களிலும் இது போன்ற விதிகள் இருந்தன. 2019இல் நாடாளுமன்றம் ஒரே திருத்தத்தால் அவை அனைத்திலிருந்தும் தொழுநோயை எடுத்துவிட்டது. குணமாகும் நோய்க்கு மண வாழ்வு பலியாவதற்கு இனிச் சட்டத்தில் இடமில்லை. வீடுகளில் இன்னும் இடமிருக்கிறதா என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக இந்நோய் குறைந்துவிட்டதாக 2005ஆம் ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டது. எனினும் இன்றும் ஆண்டுதோறும் நம் நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களுள் குழந்தைகளும் உண்டு. பிள்ளையின் முதுகிலோ கன்னத்திலோ உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமலைக் கண்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்க்கும் அதே சோதனைதான் அங்கும் நடக்கும். மருந்து இலவசம், கிருமி குறைந்தோருக்கு 6 மாதம், மிகுந்தோருக்கு 12 மாதம். மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவாத நிலைக்கு வந்துவிடும். அதுவரை பிள்ளையின் தட்டையும் பாயையும் தனியே பிரித்து வைக்க வேண்டிய தேவை இல்லை.